விடாப்பிடி

குத்தாய்ஸியில் அன்று நல்ல மழை.
ரியோனி ஆற்றங்கரை அச்சகத்திலிருந்து
இரவு ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.
ஒரு தாள் குறைகிறது என்றாள் சிசானா.
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறில் ஒன்று.
இதற்கா எழுப்பினாய் என்றேன்.
கல்யாணப் பத்திரிகை இல்லை குராம்,
வாக்குச்சீட்டு.

ஆணையத்திலிருந்து வந்த ஸுராப்
முத்திரைப் பெட்டியை மடியில்
பூனை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
என்னை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்.
தாள் கிடைக்கும்வரை
ஒருவரும் வெளியே போகக்கூடாது.
கொஞ்ச நேரத்தில்
சாவி எந்தப் பையில் என்பது
அவருக்கே தெரியவில்லை.

குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று.
மேசைக்கடியில், கழிவுக் கட்டில்,
ஸுராபின் மேல்கோட்டில்கூட.
கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாராம், பாவம்.

வருகிறவர்கள் எல்லாம்
இயந்திரத்தின் நடுவைத்தான் பார்ப்பார்கள்:
மை, உருளை, நிறம்.
எனக்குப் பிடித்தது கடைசி முனை.
ஈரம் காயாத ஒன்றை
எதன்மேலும் ஈஷாமல் கொண்டுபோய்க்
கீழே வைக்க வேண்டும்.
அவ்வளவுதான் அதன் வேலை.
அவ்வளவு லேசில்லை.

இரண்டு சங்கிலிகள். குறுக்கே ஏழு தண்டுகள்.
தண்டுக்குப் பத்து எஃகு விரல்கள்.
உருளை விடுகிற அதே நொடியில்
இவை பிடிக்க வேண்டும்,
தூங்கும் பிள்ளையைத்
தோள் மாற்றுவது போல.
முந்தினால் கிழியும்.
பிந்தினால் தாள் தரையில்.

பிறகு மேலே ஏற்றம்.
வெள்ளைத்தூள் தூவப்பட்டு
அடுக்கின் தலைக்கு நேரே வந்ததும்
சக்கரம் ஒன்று சின்ன மேட்டில் ஏறும்.
அந்த மேட்டுக்குத் தெரிந்தது ஒரே சொல்:
விடு.
விரல்கள் திறக்கும்,
மேலிருந்து காற்று அமுக்கும்,
பக்கப் பலகைகள் தட்டித் தட்டி
விளிம்போடு விளிம்பைச் சேர்க்கும்.
அடுக்கு ஒரு தாள் கனம் கீழிறங்கி
அடுத்ததற்கு இடம் விடும்.
மணிக்குப் பத்தாயிரம் தடவை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக்
கையால் சுற்றினேன்.
முதல் தண்டு திறந்தது.
இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவது வந்து
மேட்டைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனது.
பேரிங் நொறுங்கிச் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது.

சிசானா டார்ச்சை அடியில் நீட்டினாள்.
சங்கிலி திரும்பும் இருட்டில்,
எண்ணெயில் ஊறிச் சுருண்டு,
வால் கந்தலாகி, அது.
முன்விளிம்பு மட்டும்
ஒரு மடிப்பில்லாமல்
பத்து விரல்களுக்குள் இருந்தது.
ஓட்டத்தின் கடைசித் தாள்.
எல்லாத் தாளும் இறங்கிவிட்டன என்று
இவர்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது
வெறுமனே ஓடிய இயந்திரத்தில்
எத்தனை சுற்று சுற்றியதோ.

இழுத்தேன். வரவில்லை.
கொடாக்கண்டனிடம் விடாக்கண்டன்
என்ன செய்ய முடியும்.
ஸ்க்ரூடிரைவரால் ஸ்பிரிங்கை நெம்பியதும்
சட்டென்று கையில் விழுந்தது,
எதிர்பார்த்ததைவிடக் கனமாக.

ஒரு தாளில் எட்டுச் சீட்டு.
எட்டின் மேலும் ஸுராப்
ரத்து என்று குத்தினார்.
எண்ணெயில் முத்திரை வழுக்கியது.
காரணம் என்ன எழுத? என்றார்.
பிடித்தது விடவில்லை என்றேன்.
பேனாவைத் தூக்கி யோசித்தவர்
தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்.
சாவி முத்திரைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.
சிசானா வாயைப் பொத்திக்கொண்டு
குழாயடிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில்,
மடித்த சீட்டைப் பெட்டியின் வாயில்
பாதி நுழைத்தேன்.
விளிம்பில் கொஞ்சம் வெள்ளைத்தூள்
கட்டைவிரலில் ஒட்டியது.
மீதிப் பாதி
என் கையிலேயே இருந்தது.
வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.